சொந்தமாக வேலை எடுத்துச் செய்வோருக்கு: ரேட்டுக்கு முன்னால் பேச வேண்டியவை



சென்ற ரமலானுக்குச் சில நாள் முன்பு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் வந்தார். திருவொற்றியூரில் சின்னதாக ஒரு ஷெட் வைத்து வெல்டிங், ஃபேப்ரிகேஷன் வேலை செய்பவர். கையில் ஜகாத் விண்ணப்பம். வீட்டு வாடகை மூன்று மாதம் பாக்கி, மகளின் கல்லூரிக் கட்டணம் பாக்கி, இரும்புக் கடையில் பாக்கி. வழக்கம்போல் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேலை நிறைய இருக்கு பாய். வர வேண்டியதே மூணு இடத்துல ஒண்ணே முக்கால் லட்சம் நிக்குது" என்றார்.

இவருக்கு ஜகாத் கொடுக்கலாமா என்று இமாமிடம் கேட்டோம். எப்போது வரும் என்று தெரியாத பணத்தைக் கையில் உள்ள பணமாகக் கணக்கு வைக்க முடியாது, இப்போது அவர் தேவையில்தான் இருக்கிறார், கொடுக்கலாம் என்றார். கொடுத்தோம். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மூன்று முதலாளிகள் கொடுக்க வேண்டிய கூலியை அவர்கள் கொடுக்காமல் வைத்திருக்க, அந்த இடத்தை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் போக வேண்டிய நிதி நிரப்பியிருக்கிறது. அதன் பிறகு பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தேன். ஏ.சி. மெக்கானிக், பெயிண்டிங் காண்ட்ராக்ட், டிரெய்லர் ஓட்டுபவர், எலக்ட்ரீஷியன், மோட்டார் ரீவைண்டிங் செய்பவர் என்று வேலை தெரிந்தவர்கள், வேலை உள்ளவர்கள் அதில் எத்தனையோ பேர். இந்த இதழில் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

நம் அத்தாமார்கள் காலத்தில் இந்தப் பேச்சுக்கு அவசியம் குறைவு. எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, துறைமுகம், மணலி என்று ஒரு கம்பெனியில் "பெர்மனென்ட்" ஆகிவிட்டால் சம்பளத்தை யூனியன் பேசிக்கொள்ளும். இன்று அதே கேட்டுக்குள் அவர்களுடைய பிள்ளைகள் காண்ட்ராக்ட் பாஸில் போகிறார்கள். யூனியன் பேசிய பேச்சை இப்போது அவரவரே பேச வேண்டியிருக்கிறது. நம்மவர்களுக்கோ பேசக் கூச்சம். "பார்த்துப் போட்டுக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறோம். அதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். ஃபிக்ஹ் படித்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். கூலிக்கு ஆள் அமர்த்தும் ஒப்பந்தமான இஜாராவில், கூலி எவ்வளவு, வேலை என்ன என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஒப்பந்தத்திலேயே குறை இருக்கிறது. ஆகவே பேசாமல் இருப்பதை நல்ல குணத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

அந்தச் சகோதரரை உட்கார வைத்து ஒரு வேலையின் கணக்கை எழுதினோம். ஒரு கம்பெனிக்கு இரும்பு மேடையும் கைப்பிடியும் அமைக்கும் வேலை, 1,20,000 ரூபாய்க்குப் பேசியது. இரும்பு 58,000. கேஸ், எலக்ட்ரோடு, கிரைண்டிங் வீல் 9,400. டாடா ஏஸ் வாடகை 4,000. இரண்டு ஹெல்ப்பர், ஆளுக்கு நாளைக்கு 900 வீதம் 12 நாள், 21,600. மொத்தம் 93,000. மிச்சம் 27,000. பன்னிரண்டு நாளைக்குப் பிரித்தால் அவருக்கு நாளொன்றுக்கு 2,250. இந்தக் கணக்கை மனதில் போட்டுத்தான் ரேட் சொல்லியிருக்கிறார். கணக்கு சரி.

நடந்தது வேறு. கேட் பாஸ் வராமல் இரண்டு நாள் வாசலில் நின்றார்கள். ஹெல்ப்பர் கூலி 3,600 போனது. வேலை முடியும் நேரத்தில் எஞ்சினியர் வந்து, "பாய், அப்படியே அந்தப் பக்கமும் ஒரு படி போட்டுடுங்க" என்றார். அதற்கு மூன்று நாள், 5,400 கூலி, 6,000 ரூபாய்க்கு இரும்பு. ஆக 15,000 கூடுதல் செலவு, அதற்கு பில் கிடையாது. மிச்சம் 12,000. வேலை செய்த நாட்கள் 17. நாளைக்கு 700 ரூபாய் சொச்சம். தான் கூலி கொடுத்த ஹெல்ப்பரை விடக் குறைவாக முதலாளி சம்பாதித்திருக்கிறார். அந்த 12,000 ஆவது கைக்கு வந்ததா? கம்பெனி "ரிடென்ஷன்" என்று பத்து சதவீதம் பிடித்து வைத்திருந்தது. 1,20,000-ல் பத்து சதவீதம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். உழைப்புக்கான முழுப் பணமும் அங்கேதான் நிற்கிறது.

இதில் ரேட்டைக் கூட்டிக் கேட்டிருந்தால் எல்லாம் சரியாகி இருக்குமா என்றால், இல்லை. ரேட்டைக் கூட்டினால் அடுத்த ஆள் குறைத்துச் சொல்லி வேலையை எடுத்துப் போவார். அவரைக் கெடுத்தது ரேட்டைத் தவிர மற்றவைதான். பணம் எந்தத் தேதியில் வரும், வாசலில் நிற்கும் நாளுக்கு யார் பொறுப்பு, கூடுதல் வேலைக்கு என்ன கணக்கு, வேலை முடிந்தது என்று யார் கையெழுத்துப் போடுவார், பிடித்து வைக்கும் பணம் எப்போது விடுபடும். இவற்றில் பலவற்றை ஒத்துக்கொள்வதற்குக் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். ஆனால் வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டும். இரும்பை இறக்கிய பிறகு கேட்டால் நம் பேச்சுக்கு எடை கிடையாது.

எப்படிக் கேட்பது? சண்டை போல வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "சார், ரேட்டுல உங்களுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் குறைச்சுக்கறேன். மெட்டீரியலுக்கு மட்டும் முன்பணம் குடுத்துடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். முன்பணம் தர மாட்டோம் என்பது சில கம்பெனிகளின் விதி. அப்போது, "சரி சார், இரும்பு நீங்களே வாங்கிக் குடுங்க, நான் லேபர் ரேட் மட்டும் சொல்றேன்" என்று சொல்லலாம். என் பார்வையில் சிறு முதல் உள்ளவர்களுக்கு இதுதான் மிகப் பாதுகாப்பான வழி. லாபம் கொஞ்சம் குறையும். ஆனால் இரும்புக் கடைக்காரருக்குப் பயந்து வேறு தெருவழியாக வீட்டுக்குப் போக வேண்டியிருக்காது.

வாசலில் நிற்கும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் டிரெய்லர்காரர்கள் இதில் மற்றவர்களை விடத் தெளிவு. துறைமுக வாசலில் வண்டி நின்றால் "ஹால்டிங்" என்று கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கிடைக்கிறதோ இல்லையோ, அப்படி ஒரு சொல்லாவது அந்தத் தொழிலில் இருக்கிறது. வெல்டருக்கும் பெயிண்டருக்கும் அந்தச் சொல்லே இல்லை. "பாஸ் எங்களால் தாமதமானால் அந்த நாளுக்கு ஆள் கூலி தருவோம்" என்ற ஒரு வரியைக் கேளுங்கள். பணமாகத் தர மறுத்தால், தாமத அபராதக் கணக்கிலாவது அந்த நாட்களைச் சேர்க்காமல் விடச் சொல்லுங்கள். பல பர்ச்சேஸ் ஆர்டர்களில் வேலை தாமதமானால் வாரத்துக்கு இத்தனை சதவீதம் பிடிப்போம் என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தப் பின்பக்கத்தைப் படிக்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். படிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கூடுதல் வேலைக்கு வருவோம். மூஸா நபி (அலை) அவர்கள் மத்யனில் செய்துகொண்ட ஒப்பந்தம் குர்ஆனில் கஸஸ் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்தப் பெரியவர் எட்டு ஆண்டு வேலை என்று காலத்தைச் சொன்னார். பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம் என்றும் சொன்னார். கூடுதல் இரண்டு ஆண்டு கட்டாயத்தில் சேரவில்லை, அதைச் செய்பவரின் விருப்பமாக வைத்தார். இரண்டில் எதை முடித்தாலும் தன்மேல் குற்றம் கூடாது என்று மூஸா நபியும் அங்கேயே தெளிவாக்கிக்கொண்டார்கள். வேலைக்குப் போகும் முன் நடந்த பேச்சு இது. நம்மிடம் "அப்படியே அதையும் போட்டுடுங்க" என்று சொல்லும்போது மறுக்க வேண்டாம். "போட்டுடறேன் சார், எவ்வளவு ஆகும்னு வாட்ஸ்அப்புல அனுப்பறேன், நீங்க ஓகேன்னு மட்டும் போடுங்க" என்று சொன்னால் போதும். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவே சொல்கிறது. ஆனால் சட்டம் பக்கத்தில் இருந்தாலும் சாட்சி வேண்டுமே. அந்த "ஓகே" தான் சாட்சி. போனை மாற்றும்போது இந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

எழுதிக் கேட்டால் நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று நினைப்பார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகை என்று அலட்சியம் செய்யாமல் எழுதச் சொல்கிறது. ஒருவரை ஒருவர் நம்பிய சஹாபாக்களுக்கு வந்த கட்டளை அது. நமக்கு என்ன கூச்சம்?

இனி சட்டம். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. "நிறுவனம்" என்ற பெயரைப் பார்த்து இது நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். ஒற்றை ஆளாக ஷெட் வைத்திருப்பவரும் இதில் குறு நிறுவனம்தான். இதன் 15-வது பிரிவின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 90 நாள், 120 நாள் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் கெடு 45 தான். வேலையில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் முடித்துக் கொடுத்த அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதனால்தான் வேலை முடிந்த அன்றே தேதியோடு ஒரு கையெழுத்து வாங்குங்கள் என்கிறேன். முத்திரை கிடைத்தால் இன்னும் நல்லது. கையெழுத்து மறுத்தால், முடிந்த வேலையைப் படம் எடுத்து, "இன்று வேலை முடித்து ஒப்படைத்தோம்" என்று எஞ்சினியருக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இந்தப் பாதுகாப்பு வேண்டுமானால் உத்யம் பதிவு இருக்க வேண்டும். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசின் தளத்தில் இலவசமாகவே பதியலாம். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் ஆட்களிடம் கொடுத்து ஏமாறாதீர்கள். பதிவை எப்போது செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பணம் நின்ற பிறகு பதிவு செய்யலாம் என்று நினைக்கிறார்கள். 2021-ல் சில்ப்பி இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்துக்கும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் இடையிலான வழக்கையும் அதோடு சேர்ந்த இன்னொரு வழக்கையும் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. டயர் ரீட்ரெடிங்குக்கு ரப்பர் கொடுத்ததில், பிடித்து வைத்த பத்து சதவீதத்துக்காகத் தொடங்கிய வழக்கு அது. நம் சகோதரரின் கதைதான், அளவு பெரியது. இரண்டு விஷயங்கள் அந்தத் தீர்ப்பில் நமக்குப் பாடம். ஒன்று, வேலையைச் செய்து முடித்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது. மற்றொன்று, காலவரையறைச் சட்டம் இங்கும் பொருந்தும். பொதுவாக மூன்று ஆண்டு. "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்ற பேச்சை நம்பி நான்கு வருடம் காத்திருந்தால் கேட்கும் உரிமையே போய்விடலாம்.

பொருளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது, செய்து கொடுப்பவர்களுக்கும் சேவை செய்பவர்களுக்கும்தான். கட்டடம் கட்டித் தரும் மொத்த ஒப்பந்தங்களுக்குப் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் வேறு வேறாக உள்ளன. அந்த வகை வேலை செய்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி தர வேண்டும் என்று 16-வது பிரிவு சொல்கிறது. இங்கே நம் சகோதரர்கள் பின்வாங்குகிறார்கள். வட்டி ஹராம், எனவே இந்தச் சட்டமே வேண்டாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய பேணுதலை மதிக்கிறேன். ஆனால் 45 நாள் கெடு என்பது வேறு, வட்டி என்பது வேறு. கெடு நம் உரிமை. புகார் கொடுக்கும்போது, அசலை மட்டும் கேட்கிறேன், வட்டியை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று கம்பெனிக்கு நினைவூட்டுவது வட்டி வாங்குவதாகுமா என்று நம் இமாமிடம் கேட்டேன். உள்ளதைச் சொல்வது வாங்குவதாகாது, ஆனால் வாங்கும் எண்ணமில்லாமல் வாங்குவேன் என்று மிரட்டாதீர்கள், அது பொய்யாகிவிடும் என்றார். சரியான பதில்.

வட்டி சேராத வேறு ஒரு பிடியும் இருக்கிறது. 2023-ம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு சேர்த்தார்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை அந்த 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் தராமல் நிலுவையில் வைத்தால், அதை அந்த ஆண்டின் செலவாகக் கம்பெனி கணக்குக் காட்ட முடியாது. எப்போது உண்மையில் கொடுக்கிறதோ அப்போதுதான் காட்டலாம். அதுவரை அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டியிருக்கும். எஞ்சினியருக்கு இது தெரியாது. அக்கவுண்டன்டுக்கு நன்றாகத் தெரியும். எனவே உங்கள் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணைப் போடுங்கள். பிப்ரவரியிலேயே அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்பி, "நாங்கள் குறு நிறுவனம், இந்த பில்கள் நிலுவையில் உள்ளன" என்று பணிவாக எழுதுங்கள். மார்ச் முடிவதற்குள் எத்தனையோ பழைய பில்களுக்கு வழி பிறக்கும்.

கடைசி வழி புகார். தமிழகத்தில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய இடங்களில் இதற்கென வசதியாக்க மன்றங்கள் உள்ளன. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். முதலில் சமரசம், அது முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதற்கு மேல் ஆகும் என்று எதிர்பார்த்துப் போங்கள். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் கம்பெனி 75 சதவீதத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும் என்பது நமக்குப் பலம். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுத்த கம்பெனியில் அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம். அதனால்தான் முன்பேச்சுக்கு இவ்வளவு எழுதினேன்.

டி.டி.எஸ். பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பில்லில் ஒரு சதவீதம் பிடித்ததும் கம்பெனி சாப்பிட்டுவிட்டது என்று கோபப்படுகிறோம். அது நம் பான் கணக்கில் அரசிடம் கட்டப்படும் வரி. நமக்கு வரி வராவிட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் வரை பிடிப்பார்கள். ரிட்டர்ன் இருந்தால் நாளை வங்கியிலோ, பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கோ காட்டவும் ஆகும்.

இடையில் உள்ள காண்ட்ராக்டரை விட்டுவிட்டு நேராகக் கம்பெனியிடம் வேலை கேட்கலாமா என்பது இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. மேஸ்திரி 2,000 வாங்கி நமக்கு 1,100 தருகிறார் என்று தெரிந்தால் மனது கொதிக்கத்தான் செய்யும். அவர் கூட்டிப் போன வேலை முடியும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் ரேட் பேசுவது அமானிதத்துக்கு மாறானது. வேலை முடிந்து கணக்குத் தீர்ந்த பிறகு உங்கள் தொழிலை நீங்கள் தேடுவதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. நேராகப் போகும்போது அவர் சுமந்த பாரமும் உங்கள் தலையில் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹெல்ப்பருக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? மேலே ஏறும் வேலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறவர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனி எடுக்குமா, நாம் எடுப்பதா என்று முதல் நாளே கேட்டு, அந்தச் செலவை ரேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும், சமைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்கும் இதெல்லாம் பொருந்தும். ராயபுரத்தில் ஜாப் ஒர்க் தைக்கும் ஒரு சகோதரியிடம் ரேட் என்ன என்று கேட்டேன். பீஸுக்கு இவ்வளவு என்று உடனே சொன்னார். ரிஜெக்ட் ஆகும் பீஸ் எத்தனை, அதை யார் முடிவு செய்கிறார், நூலும் கரண்ட்டும் யார் செலவு என்று கேட்டபோதுதான் யோசித்தார். ரிஜெக்ட் ஆனதைக் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அடுத்த தடவை கேட்டிருக்கிறார். ரிஜெக்ட் எண்ணிக்கை அந்த வாரமே குறைந்துவிட்டதாம்!

ஜகாத் கேட்டு வந்த சகோதரர் இப்போது புதிய வேலைகளை லேபர் ரேட்டில் மட்டும் எடுக்கிறார். ஒரு கம்பெனி அதற்கு ஒத்துக்கொள்ளாமல் வேறு ஆளிடம் போய்விட்டது. இரண்டு கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. பழைய பாக்கியில் ஒரு பகுதி மார்ச் மாதம் வந்தது, மீதிக்கு இன்னும் நடக்கிறார். இரும்புக் கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டார்.

உத்யம் பதிவு செய்ய வேண்டியவர்கள் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், ஆதாரில் இணைத்த போன் ஆகியவற்றோடு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். கல்லூரி மாணவர்கள் இருவர் கட்டணமின்றிப் பதிந்து தருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் பர்ச்சேஸ் ஆர்டரைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றாலும் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கொண்டு வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அப்போது நான் செய்யக்கூடியது குறைவு.

வஸ்ஸலாம்.
செயலாளர்